வேலிக்கு வடக்கே உள்ள மண்

பிப்ரவரி 4

சவேரியார்பட்டிக்கு வந்து சேர்ந்தேன். கம்பம் பள்ளத்தாக்கு. மூன்று பக்கமும் மலை, நடுவில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த திராட்சைப் பந்தல்கள். இதற்குப் பொருத்தமாக ஓர் உவமை தேடினேன். கிடைத்தது பேருந்தின் பின்பக்க விளம்பரத்திலேயே இருந்தது.

பணி: செலஸ்டின் என்பவரின் சிறிய ஒயின் ஆலையில் மண் ஆய்வாளர். மண் ஒயினின் சுவையை எப்படித் தீர்மானிக்கிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஐந்தாம் ஆண்டாக முடியாமல் இருக்கிறது. செலஸ்டின் சார் கைகொடுத்து, "வாங்க டாக்டர்" என்றார். அப்போதே திருத்தியிருக்க வேண்டும். தேநீர் வந்தது. குடித்தேன்.

பிப்ரவரி 5

ஆலை முழுக்க டாக்டர் ஆகிவிட்டேன். காவலாளி முதுகுவலிக்கு மாத்திரை கேட்டார்.

பிப்ரவரி 8

வேலை என்னவென்று தெளிவாகிவிட்டது.

ஊருக்குத் தெற்கே ஒரு தோட்டம். ஒரே அப்பா விட்டுப்போனது. ஆறு ஆண்டுகளுக்கு முன் இரண்டாகப் பிரிந்தது. வடபாதி தங்கை பிலோமினாவுக்கு, தென்பாதி அண்ணன் இன்னாசிக்கு. நடுவில் முள்கம்பி வேலி. கல்யாணமும் வேண்டாம் என்று இருக்கிற பெண்ணுக்கு எதற்கு நிலம் என்று அண்ணன் கேட்டாராம். தங்கை வழக்குப் போட்டு வாங்கினார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. கிணறு மட்டும் பொது. மோட்டாரை முறைவைத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

செலஸ்டின் சாருக்கு ஒரே தோட்டத்துப் பழத்தில் ஓர் ஒயின் வேண்டும். அந்த மண்ணின் பெயர் லேபிளில் இருக்க வேண்டும். பத்து ஆண்டு ஒப்பந்தம். ஒரு பாதிக்குத்தான். எந்தப் பாதி என்று மண்ணைப் பார்த்து நான் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தம் கிடைக்காதவர் விலை விழுந்து கிடக்கும் சந்தைக்குப் பழத்தை அனுப்ப வேண்டியதுதான். அப்படி ஆனால் கொடியைப் பிடுங்கிவிட்டு, செங்கல் சுடுகிற காளவாசலுக்கு மண்ணை விற்றுவிடுவேன் என்று இன்னாசி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். பிலோமினா ஒன்றும் சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் அவருடைய பாதியை அண்ணனிடமே விற்க வேண்டியிருக்கும் என்று செலஸ்டின் சார் சொன்னார்.

ஆக, இரண்டு பேருடைய நிலம் என் நாக்கில். என் ஆய்வு முதல்முறையாக யாருக்கோ தேவைப்படுகிறது. பயந்திருக்க வேண்டும். மகிழ்ந்தேன்.

பிப்ரவரி 11

வடக்குத் தோட்டத்தில் மார்பளவுக்குக் குழி தோண்டினோம். தோண்டினார்கள். நான் உள்ளே இறங்கி நின்றேன்.

மேலே செம்மண். அதன் கீழே பிசுபிசுப்பான களி. அதற்கும் கீழே வெள்ளைச் சுக்கான் கற்கள், சுண்ணாம்பு பொதிந்தவை. வேர்கள் களியைத் துளைத்துக்கொண்டு கல்வரைக்கும் போயிருந்தன. வேர் எளிதாகத் தண்ணீர் குடிக்கிற மண்ணில் பழம் பெருக்கும், ஒயின் சப்பென்று இருக்கும். வேரைக் கொஞ்சம் அலையவிடுகிற மண்ணில் பழம் சிறுக்கும், தோல் தடிக்கும், சாறு இறுகும். இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். குழிக்குள் நின்று பார்த்தது இன்றுதான். பெருமிதத்தில் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தேன். சுண்ணாம்பின் காரம்.

மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த பிலோமினா கேட்டார்: "ஒடம்புல ரத்தம் கம்மியா இருக்கவங்கதான சார் மண்ணு திம்பாங்க?"

முப்பத்தைந்து வயது இருக்கலாம். சிரிக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

பிப்ரவரி 12

முருங்கைக்கீரைப் பொரியல் கொடுத்தனுப்பியிருந்தார். இரும்புச்சத்துக்காம்.

பிப்ரவரி 15

தெற்குத் தோட்டத்து வாசலில் இன்னாசி நின்றார். உயரம், வெள்ளை மீசை, கையில் கத்தரிக்கோல். நான் வந்த காரணத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "எம் மண்ண நீ நக்க வேணாம் தம்பி. பழத்தத் தின்னு பாத்துட்டுச் சொல்லு" என்றார். தங்கை தோட்டத்து மோட்டார் கொட்டகையில் நான் மூன்று நாளாக மதியச் சாப்பாடு சாப்பிடுவது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அறிவியலுக்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பில்லை என்று விளக்க முயன்றேன். வாயோரம் சாம்பார் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

பிலோமினா வழி சொன்னார். வேலி ரோட்டைத் தொடுகிற மூலையில் கம்பி தளர்ந்திருக்கிறதாம். அங்கே கைவிட்டால் தெற்கு மண் கிடைக்கும். எடுத்தேன். கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. வடக்குச் செம்மண்ணோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

விதிப்படி தெற்கிலும் குழி தோண்ட வேண்டும். தோண்டவில்லை. "ஒரு கைப்பிடி மண்ணும் ஒரு நிலத்தின் தன்வரலாறுதான்" என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

மார்ச் 2

பரிசோதனை முடிவு வந்தது. தெற்கு மண்ணில் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், வடக்கைப்போலப் பல மடங்கு. புத்தகம் சொல்கிறபடியே: சாம்பல் சத்து மிகுந்தால் சாற்றின் புளிப்பு மழுங்கும், ஒயின் தட்டையாகிவிடும். அறையில் தனியாகக் கைதட்டினேன்.

தெற்குப் பழத்தைப் போன நவம்பரிலேயே அறுத்துவிட்டார்கள். ஒயின் தொட்டியில் இருக்கிறது. வடக்கு ஏப்ரலில்தான். இந்தப் பள்ளத்தாக்கில் பருவம் என்று ஒன்று கிடையாது. கொடியை எப்போது கவாத்து செய்து வெட்டுகிறார்களோ, அதிலிருந்து நான்கு மாதத்தில் பழம். ஒருவர் வெட்டும்போது இன்னொருவர் அறுக்கிறார். இந்த இருவரும் ஒரே கிணற்றில் தண்ணீருக்கு முட்டிக்கொள்ள வேண்டாம் என்று பிரிந்த நாள் முதல் மாதம் மாற்றி வெட்டுகிறார்கள். வேடிக்கையான ஊர். என் ஆய்வுக்குத் தேவையில்லாத தகவல். பக்கம் நிறையட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

மார்ச் 13

தவக்காலம். வெள்ளிதோறும் கொட்டகையில் மீன்குழம்பு.

"தெக்கால மண்ணு சத்தில்லாத மண்ணுதான சார்?" என்று பிலோமினா கேட்டார். அவர் அண்ணனை அண்ணன் என்று சொல்வதே இல்லை. தெக்கத்தித் தோட்டக்காரர், இல்லையென்றால் வெறும் தெக்கால. சத்து இல்லாததல்ல, தவறான சத்து என்று விளக்கினேன். கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். பல்கலைக்கழகத்தில் என் பேச்சை யாரும் இப்படிக் கேட்டதில்லை. இன்னொரு துண்டு மீன் வைத்தார்.

அறிவியல் ஆர்வம் உள்ள விவசாயி. இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 20

நெத்திலி.

மார்ச் 24

ஒரு மொழிச் சிக்கல். அவர் என்னை சார் என்கிறார். நான் அவரை என்னவென்று கூப்பிடுவது? பெயர் சொல்ல முடியாது. மேடம் என்றால் சிரிப்பார். அக்கா என்றால். அக்கா என்று சொல்ல விருப்பமில்லை. எனவே விளிச்சொல்லே வராமல் வாக்கியங்களைச் சுற்றிவளைக்கிறேன். நவீன உரைநடையில் இது ஓர் உத்தியாகக்கூட இருக்கலாம்.

ஏப்ரல் 16

வடக்கில் அறுவடை. கண் கூசும் வெயில். பழம் சின்னது, கறுத்தது, வாயில் போட்டால் சர்க்கரை. சுக்கான் கல்லின் வெற்றி என்று எழுதினேன். வெயிலைப் பற்றி எழுதியது எனக்குத் தலைவலித்தது என்பதை மட்டும்தான்.

ஜூன் 10

ஆலையில் சுவைத்துப் பார்க்கும் நாள். இரண்டு கோப்பை. ஒன்றில் 'வ', இன்னொன்றில் 'தெ' என்று எழுதி ஒட்டியிருந்தது. மறைத்து வைத்துச் சுவைக்க வேண்டும் என்பது முதல் பாடம். எனக்கு அது தேவைப்படவில்லை. நான்தான் டாக்டர் ஆயிற்றே.

தெ: நீர்த்தது. தட்டை. நனைந்த சாக்கு வாடை. பிடிவாதமான ஒயின்.

வ: அடர்த்தி. பன்னீர் மணம், பின்னால் வெல்லப்பாகு. நிதானமானது, ஆனால் உள்ளே ஏதோ ஒரு சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது. முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒயின்.

இரண்டிலும் கடைசியில் நாக்கின் இரு ஓரங்களையும் லேசாகப் பிடிக்கிற ஒரு துவர்ப்பு. இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் அதை விட்டுவிட்டேன்.

ஜூன் 12

அறிக்கை கொடுத்தேன். வடக்கு. நாற்பது பக்கம். அதில் முப்பது பக்கம் உரைநடைக்காக.

ஜூன் 15

ஒப்பந்தம் பிலோமினாவுக்கு. செலஸ்டின் சார் என் அறிக்கையின் ஒரு வரியை லேபிளுக்கு எடுத்துக்கொண்டார். கொட்டகையில் கேசரி. "ஒங்களாலதான் சார்" என்றார் பிலோமினா. நான் மண்ணால் என்றேன். அடக்கமாகச் சொல்வதாக நினைத்தேன்.

ஜூன் 19

வெள்ளிக்கிழமை. கொட்டகை பூட்டியிருந்தது. தவக்காலம் எப்போதோ முடிந்துவிட்டதல்லவா.

ஜூன் 26

பூட்டியிருந்தது.

ஜூலை 14

இன்னாசி சொன்னதைச் செய்துவிட்டார். காளவாசலில் இருந்து பொக்லைன் வந்தது. எங்கே வேண்டுமானாலும் தொடங்கியிருக்கலாம். தங்கை பார்க்கட்டும் என்று வேலியோரத்தில் தொடங்கினார். முதல் மூன்று வரிசைக் கல்தூண்களைப் படுக்கவைத்துவிட்டு மண்ணை அள்ளுகிறது. காற்று மாதம். அள்ளுகிற மண்ணில் பாதி பறந்து வந்து ஆலையின் சன்னலில் படிகிறது. என் மேசையில் விரலால் கோடு போட்டுப் பார்த்தேன்.

சிவப்பாக இருந்தது.

தெற்கு மண் கறுப்பு என்றல்லவா எழுதியிருக்கிறேன்.

ஜூலை 16

வடக்கில் வேலியோரக் கொடிகளின் இலை துவண்டு தொங்குகிறது. ஒரு மாதத்துக்குப் பிறகு பிலோமினா கூப்பிட்டுக் காட்டினார். காற்றில் தலைமுடி பறந்துகொண்டிருந்தது. பூச்சி என்றேன். எந்தப் பூச்சி என்று கேட்டார். ஆய்ந்து சொல்கிறேன் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பொக்லைனின் கை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 18

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அலங்காரம் வேண்டாம்.

காலையில் தெற்குத் தோட்டத்துக்குப் போனேன். வாசலில் யாரும் தடுக்கவில்லை. தடுக்க வாசலே இல்லை, லாரிக்காகப் பிடுங்கிவிட்டார்கள். பொக்லைன் வெட்டிய பள்ளத்தில் இறங்கினேன். பிப்ரவரியில் இறங்கியிருக்க வேண்டிய குழி.

வெட்டுமுகம் சுத்தமாக இருந்தது. மேலே செம்மண். கீழே களி. அதற்கும் கீழே வெள்ளைச் சுக்கான் கற்கள், அதே ஆழத்தில். மூன்று அடுக்கும் எங்கேயும் உடையாமல் வேலிக்கு அடியில் புகுந்து வடக்கே போகின்றன. அவற்றின் ஊடாக, வேலிக்கு அடியில் இருந்து, கட்டைவிரல் பருமனில் வேர்கள் இந்தப் பக்கம் நீண்டு வந்திருந்தன. நுனியில் வெட்டுப்பட்டு, ஈரமாக.

நிமிர்ந்தபோது பிலோமினா வேலிக் கம்பியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக் குனிந்து இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். சேலை கம்பியில் மாட்டிக் கிழிந்தது. அவர் அண்ணனிடம் போகவில்லை. பொக்லைன் ஓட்டுநரிடம் போய், வண்டியை நிறுத்தச் சொன்னார். ஓட்டுநர் இன்னாசியைப் பார்த்தார். இன்னாசி பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். வேர்களைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ பேசுவதுபோலக் கேட்டார்:

"ஒன் கொடி வேரா இது?"

"ஆமா."

"ஆறு வருசமா எங்கிட்டதான் தின்னுட்டு இருந்திருக்கு."

"ஒன்னோடதும் அங்கிட்டு வந்திருக்கும். தோண்டுனாத் தெரியும்."

இன்னாசி கையை அசைத்தார். இன்ஜின் நின்றது. அந்த அமைதியில் நான் மட்டும் பள்ளத்துக்குள் தனியாக இருப்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

"தம்பி, எம் மண்ணு மட்டம்னு எழுதுனியாமே. எங்க எடுத்த?"

ரோட்டோர மூலையைக் காட்டினேன். அவர் அங்கே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த மூலை அவர்கள் அப்பா காலத்தில் இருந்து கவாத்து செய்த கொடிகளைக் குவித்து எரிக்கிற இடமாம். நான் எடுத்தது மண்ணே அல்ல. சாம்பலை அள்ளிக்கொண்டுபோய்ப் பரிசோதித்து, அதில் சாம்பல் சத்து அதிகம் என்று கண்டுபிடித்திருக்கிறேன். நாற்பது பக்கம்.

அந்த மூலைக்கு எனக்கு வழி சொன்னவரைப் பார்த்தேன். அவர் வேர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மண் ஒன்றே என்றால் ஒயின் ஏன் அவ்வளவு வேறாக இருந்தது என்று கேட்டேன். யாரையும் குறிப்பிட்டுக் கேட்கவில்லை.

"அண்ணே நவம்பர் மழையில அறுத்துச்சு. பழம் தண்ணி கோத்துப்போச்சு. நான் சித்திர வெயில்ல அறுத்தேன்" என்றார் பிலோமினா.

அண்ணே என்று சொன்னதை இன்னாசியும் கவனித்தார். மீசையைத் தடவினார்.

"இதை ஏன் சொல்லல?" என்று பிலோமினாவிடம் கேட்டேன்.

"நீங்க மண்ணத்தான கேட்டீங்க தம்பி."

தம்பி. ஐந்து மாதச் சிக்கல் தீர்ந்தது.

இன்னாசி பள்ளத்தில் இறங்கினார். வெட்டுமுகத்தில் தன் பக்கத்தில் ஒரு கட்டி, வேலிக்கு அடியில் கைவிட்டு வடக்கில் ஒரு கட்டி பெயர்த்தார். இரண்டையும் முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றி வைத்துவிட்டு நீட்டினார்.

"ரெண்டையும் நக்கிப் பாத்துச் சொல்லு. எது யாரு மண்ணு?"

சொல்ல மாட்டேன் என்று மேலே ஏறிப் போயிருக்கலாம். இடது கைக் கட்டியை நாக்கில் வைத்தேன். பிறகு வலது. மீண்டும் இடது. சுண்ணாம்பு, களி, சுண்ணாம்பு. எல்லோரும் காத்திருந்தார்கள். பொக்லைன் ஓட்டுநர் இருக்கையில் இருந்து எழுந்தே விட்டார்.

"தெரியலண்ணே" என்றேன்.

இந்த ஊருக்கு வந்து நான் சொன்ன முதல் ஆய்வு முடிவு.

முதலில் இன்னாசிதான் சிரித்தார். வயிறு குலுங்க, வெட்டுமுகத்தில் கைகளை ஊன்றிக்கொண்டு. மேலே பிலோமினா கிழிந்த முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். இந்தமுறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இன்னாசி தலைதூக்கித் தங்கையைப் பார்த்தார்.

"இவனுக்கா பாப்பா அம்புட்டு மீனையும் ஆக்கிப் போட்ட?"

அவ்வளவுதான். பிலோமினா அப்படியே மண்மேட்டில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். இருவரும் ஒரே மாதிரிதான் சிரிக்கிறார்கள், மூச்சை உள்ளே இழுத்து. நான் உதட்டில் மண்ணோடு நடுவில் நின்றேன்.

ஜூலை 19

ஏற்கெனவே போன லாரி மண் திரும்பி வராது. செங்கலாக அறுத்துக் காயவைத்துவிட்டார்களாம். நான் மட்டமென்று எழுதிய மண் இனி யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறைச் சுவர். நல்ல சுவராக இருக்கும். சுக்கான் கலந்தது.

ஜூலை 22

செலஸ்டின் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கை தவறு, மண் ஒன்றே, நான் டாக்டரும் இல்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லேபிள் அடிச்சாச்சே டாக்டர்" என்றார்.

பிறகு தன் கணக்கைச் சொன்னார். அவருக்கு வேண்டியது வெயிலில் பழுத்த ஏப்ரல் பழம். டிசம்பரில் ஒன்றாகக் கவாத்து செய்தால் இரு பாதியிலும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்வார். அதற்கு இருவரும் ஒரே நேரத்தில் ஒரே கிணற்றுத் தண்ணீரைப் பங்கிட வேண்டும். அது தன் வேலை இல்லை என்றார்.

பிலோமினாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். முழுதாகக் கையில் இருந்ததில் பாதி போகிறது. கொட்டகை வாசலில் நின்றே கேட்டார். "முழுசா வாங்கிட்டு, வேலியோரம் காஞ்சு நிக்கிறதப் பாத்துட்டே இருக்கவா?" என்றார். பிறகு, எனக்கு வழி சொன்ன அந்த மூலையைப் பார்த்தபடி, அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை என்றார்.

"பரவால்லக்கா" என்றேன். வாயில் வந்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை.

ஜூலை 25

இரண்டு கோப்பைகளையும் மறுபடி சுவைத்தேன். இந்தமுறை காகிதத்தை உரித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு. ஒன்றில் மழை. ஒன்றில் வெயில். அதெல்லாம் வானம் போட்டது, இருவரும் பேசாமல் இருந்தது போட்டது. பிறகு, எல்லாம் தொண்டையில் இறங்கிய பின், இரண்டிலும் அந்தத் துவர்ப்பு. நாக்கின் இரு ஓரங்களிலும், லேசாக, சுண்ணாம்பு தொட்டதுபோல. பொதுவாக இருக்கிறது என்று நான் விட்டுவிட்டது.

மண் அதுதான். வேறுபாட்டையே தேடிக்கொண்டிருந்தவனுக்கு எப்படித் தெரிந்திருக்கும்.

புதிய அறிக்கை எழுதினேன். ஒரு பக்கம். அதிலும் இரண்டு வரியை அடித்துவிட்டேன்.

டிசம்பர் 9

கவாத்து. இரண்டு பக்கமும் ஒரே ஆட்கள், ஒரே நாளில். பள்ளம் வெட்டிய இடத்தில் வேலி இல்லை, மீதி இடத்தில் இருக்கிறது. துவண்ட வரிசையில் பாதிக் கொடிகள் பிழைத்திருக்கின்றன. மோட்டார் முறை பற்றிக் காலையிலேயே ஒரு சண்டை நடந்தது. நல்ல, உரத்த சண்டை. ஆறு ஆண்டுப் பாக்கி.

கத்தரிக்கோல் கேட்டேன். எனக்குத் தரவில்லை. வெட்டிய கொடிகளை அள்ளிச் சுமக்கச் சொன்னார்கள். இரு கை நிறையக் கட்டிக்கொண்டு, இதை எங்கே போடுவது என்று கேட்டேன்.

அண்ணன் தெற்கில் இருந்தும் தங்கை வடக்கில் இருந்தும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். ரோட்டோர மூலை.

வழி சொல்ல வேண்டாம் என்றேன். எனக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும்.